பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

அத்தியாயம் பதினொன்று

துணி வெட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் மருமகள். போன வாரம் அவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு நாம் வந்துவிட்டோம். ஞானஸ்நான அங்கிக்கு அளவெடுக்கும்போது மருமகள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டாள். கல்யாணத்துக்கு முந்தி அவளுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஒரு நாள் போதையில் டெலிவரி வேனைச் சுவரில் கொண்டுபோய் மோதினாள். வேலை போயிற்று, லைசென்ஸ் போயிற்று. ஆண்டவர்தான் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார் என்றாள். இப்போது லைசென்ஸைத் திரும்ப வாங்கி, அதே கையால் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள்.

"உங்க பிள்ளைக்கு எல்லாம் தெரியும் அத்தை. ஸ்கூல் மேனேஜருக்கும் வேலையில சேரும்போதே சொல்லிட்டேன். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு. மத்தபடி இது நம்ம வீட்டோட இருக்கட்டும்."

மாமியார் தையலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாதும்மா" என்றாள்.

அன்று சாயங்காலமே போனது.

கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. தையலம்மா நல்லவள்தான். தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சூடாக எதையாவது எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பவள். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். எந்த விஷயம் காதில் விழுந்தாலும் அதை 'இதுக்காக ஜெபிச்சுக்குங்க' என்று ஒரு ஜெபக் குறிப்பாக ஆக்கிவிடுவாள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. "சகோதரிகளே, ஒரு பாரம்" என்று அதில் அவள் குரல் வந்தால், அத்தனை பேரும் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள்.

அன்றும் அப்படித்தான். பேரைச் சொல்லவில்லை. அதில் அவள் கெட்டி. "எனக்கு ரொம்ப நெருங்கின ஒரு சகோதரி. எங்க வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு. ஸ்கூல் பஸ் ஓட்டுறா. பேர் வேண்டாம்" என்று பேசி அனுப்பிவிட்டு, ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு படுத்துத் தூங்கினாள்.

இதோ ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மாமனார் விடிந்ததும் விடியாததுமாகச் சபைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஞானஸ்நானத் தொட்டிக்கு ஹீட்டர் போடுவதும் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. மகன் கப்பலில் ஃபிட்டர். அவன் எந்தக் கடலில் இருக்கிறானோ. மருமகளையும் அங்கியையும் சபைக்குக் கொண்டு சேர்க்க வேண்டியது தையலம்மாதான்.

உடை மாற்றும் அறை சின்னது. ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி, துண்டுகள் மாட்டிய கொக்கிகள். மருமகள் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றாள். தையலம்மா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அங்கியின் கீழ் மடிப்பைச் சரிபார்த்தாள். அந்த மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும். முன்பு ஒரு மனுஷிக்கு அப்படித்தான் ஆகி, சபையே அவசரமாகக் கண்ணை மூடி ஜெபிக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. தையலம்மா நாலைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

"அத்தை, சபைப் பாட்டு டீச்சர் எனக்குச் சாட்சியா நிக்க வரலையாம். தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

"ம்ம்?" என்றாள் தையலம்மா. வாயில் ஊசி.

இந்தச் சபையில் ஒரு முறை இருக்கிறது. தொட்டியில் இறங்குகிறவருக்கு ஒரு சாட்சி வேண்டும். இவருடைய வாழ்க்கையை நான் அறிவேன் என்று சபைக்கு முன்னால் ஒருத்தர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சாட்சி இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்.

"வாசல்ல ஐக்கியச் செயலாளர் அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்று மருமகள் தொடர்ந்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தோள்ல தட்டி, 'தைரியமா இரும்மா, உன் குடிப்பழக்கம் உன்னை விட்டுப் போகணும்னு ஐக்கியத்துல எல்லாரும் உபவாசம் இருக்கோம்'னு சொன்னாங்க. பக்கத்துல ரெண்டு குழந்தைங்க நின்னுக்கிட்டிருந்துச்சு. என் பஸ்ல வர்ற குழந்தைங்க."

தையலம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்தாள்.

"நான் பேரைச் சொல்லலையேம்மா" என்றாள் கடைசியில். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மருமகள் குனிந்து அவளைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா சண்டையாவது போடலாம் அத்தை. எல்லாம் நிஜம். ஆனா அதை நானே சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்கு, அந்தத் தண்ணியில நின்னுக்கிட்டு."

"நான் ஜெபத்துக்குத்தான்..."

"வேண்டாம் அத்தை. கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடுங்க." அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாமான்னு இருக்கு."

தையலம்மா வெளியே வந்தாள். பயமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்தால் கோபம்தானே முதலில் வாயைத் திறக்கும்? நேராக மண்டபத்தின் பின்பக்கம், கணவர் உட்கார்ந்திருந்த மைக் மேசைக்குப் போனாள்.

"என்னங்க, அந்தச் செயலாளர் பண்ணின வேலையைப் பாத்தீங்களா? நான் ஐக்கியத்துக்குள்ள, நம்ம பொம்பளைங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். அவ எடுத்து சபைக் குழு முழுக்கத் தட்டி விட்டிருக்கா போல. ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கத் தெரியாதா ஒரு மனுஷிக்கு?"

அவர் ரிப்பேர் பார்க்கும் ஃபிரிட்ஜ்களே அவரைவிட அதிகம் சத்தம் போடும். தன் போனை எடுத்தார். காதில் மாட்டும் பெரிய ஹெட்போனை மனைவியிடம் நீட்டினார்.

"என்ன இது?"

"கேளு."

கேட்டாள். தன் குரல். தேன் சொட்டுகிற குரல். 'எங்க வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு' என்று ஆரம்பித்து, குடி, வேன், சுவர், லைசென்ஸ் என்று ஒன்றுவிடாமல் வந்தது. அதுவரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் சுத்தமாக மறந்து போயிருந்தது.

'இப்படிப்பட்ட பொண்ணுன்னு தெரிஞ்சும் நாங்க ஒதுக்கலை சகோதரிகளே. வேற வீடா இருந்தா என்ன ஆகியிருக்கும், நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஏதோ, ஆண்டவர் எனக்கு அப்படி ஒரு மனசைக் குடுத்திருக்கார்.'

அதோடு முடிந்துவிட்டது. தையலம்மா இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். அவள் குடியை விட்டுவிட்டாள் என்பது வரும், ஆண்டவர் மீட்டெடுத்தார் என்பது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் சொல்லவே இல்லை. அதனால்தான் சபை முழுக்க அந்தப் பெண் இன்னும் குடிக்கிறாள் என்று நம்பி, உபவாசம் இருந்துகொண்டிருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். இத்தனை காலம் ஞாயிறு தவறாமல், 'பாவிகளாகிய நாங்கள்' என்று சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். அந்த 'நாங்கள்' என்கிற வார்த்தையில் தன்னைத் தவிர மற்ற எல்லாரையும் வைத்துத்தான் சொல்லியிருக்கிறாள் என்று இப்போது உறைத்தது. பாவம் என்றால் அவளுக்குக் குடி, திருட்டு, அடுத்தவன் பெண்டாட்டி. எல்லாம் அடுத்த வீட்டு விவகாரம். தன் வீட்டில், தன் நாக்கின் மேல், ஜெபம் என்று பேர் வைத்துக்கொண்டு அது சௌக்கியமாக உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சின்ன அறையில் ஒருத்தி தனியாக நிற்கிறாள்.

"நான் என்னங்க பண்ணுவேன்?"

மெக்கானிக் ஒரு மைக்கை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "மைக் வேணும்னா சொல்லு" என்றார். "போட்டு விடுறேன்."

ஆராதனை தொடங்கிவிட்டது. முதலில் ஒரு வயதான தம்பதி தொட்டியில் இறங்கி ஏறினார்கள். அடுத்தது மருமகளின் முறை. அவள் வருவாளா என்று தையலம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. வெறுங்காலோடு மருமகள் வந்தாள். ஆனால் தொட்டிப் படிக்குப் போகாமல் போதகரிடம் போய், அவர் காதில் ஏதோ சொன்னாள்.

போதகர் வயதில் சின்னவர், ஆனால் அவசரப்படாதவர். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சபையைப் பார்த்தார்.

"இந்தச் சகோதரி இன்னைக்கு வேண்டாம், தள்ளி வச்சுக்கலாம்னு சொல்றாங்க. முறைப்படி நான் ஒரு தடவை கேட்டுடறேன். இவங்களுக்குச் சாட்சி யார்?"

மண்டபம் நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கும் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்க வேண்டிய வேலை வந்துவிட்டது.

தையலம்மா மைக்கை எடுத்தாள். மெக்கானிக் ஒரு குமிழைத் திருகினார்.

"நான்" என்றாள். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவளே ஒரு நிமிஷம் மிரண்டு போனாள். பிறகு நடுவழியாக நடந்து முன்னால் போய் நின்றாள்.

"நான் பேசி நீங்க கேக்காத நாள் இல்ல. இன்னைக்கும் கேட்டுக்குங்க. போன வாரம் ஒரு ஜெபக் குறிப்பு அனுப்பினேன். எல்லாருக்கும் வந்திருக்கும். அது ஜெபக் குறிப்பு இல்ல. புறங்கூறுறது. ஜெபம்னு மேல ஒரு துணியைப் போட்டு மூடி அனுப்பிட்டேன்."

செயலாளர் அம்மா நிமிர்ந்தாள்.

"இவ குடிச்சதைச் சொன்னேன். விட்டதைச் சொல்லல. விழுந்ததைச் சொன்னேன். ஆண்டவர் தூக்கி நிறுத்தினதைச் சொல்லல. ஏன்னா அதைச் சொன்னா அது ஆண்டவரோட கதையா ஆயிடும். எனக்கு என் கதைதான் வேணும். எப்பேர்ப்பட்ட மாமியார்னு நாலு பேர் என்னைச் சொல்லணும். அதுக்குத்தான் இவளை வித்தேன்."

அவள் மருமகளைக் கை காட்டினாள்.

"இவ தன் பாவத்தை எப்பவோ ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொண்டுட்டா. அவரும் மன்னிச்சுட்டார். மன்னிச்சதை அவரே திரும்ப எடுத்துப் பாக்கறதில்ல. நான் எடுத்து உதறி ஊருக்குக் காட்டியிருக்கேன். இந்த மண்டபத்துல இன்னைக்கு மன்னிப்புக் கேக்க வேண்டிய பாவி இவ இல்ல, நான்தான்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சாட்சி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனா கண்ணால பாத்ததைச் சொல்லலாம். தினம் காலையில பஸ் எடுக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி இவ ஒரு சின்ன மிஷினை வாயில வச்சு ஊதுவா. பொண்ணுக்கு ஆஸ்துமா போலிருக்குன்னு நினைச்சு, அதுக்கும் உங்களுக்கு ஒரு ஜெபக் குறிப்பு அனுப்பினேன்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. மருமகளின் உதடுகூடக் கொஞ்சம் அசைந்தது.

"அது ஆஸ்துமா மிஷின் இல்ல. குடிச்சிருந்தா காட்டிக் குடுக்கற மிஷின். போன வாரம்தான் சொன்னா. யாரும் அவளைக் கேக்கலை. சொந்தக் காசுல வாங்கி, தானே ஊதி, அதுல வர்ற பூஜ்யத்தை மேனேஜருக்கு அனுப்பிட்டுத்தான் சாவியைத் தொடுவா. குழந்தைங்க இறங்கினப்புறம் கடைசி சீட் வரைக்கும் நடந்து போய்க் குனிஞ்சு பாப்பா, எந்தப் பிள்ளையாவது தூங்கிக் கிடக்கான்னு. மனம் திரும்புறதுன்னா என்னன்னு நான் எத்தனையோ வேதபாடம் கேட்டிருக்கேன். பாத்தது இவகிட்டதான்."

அவள் மருமகள் பக்கம் திரும்பினாள். இப்போது மைக் தேவைப்படவில்லை, கீழே இறக்கினாள்.

"என்னை மன்னிச்சிரு கண்ணு. நான் சாட்சியா வேண்டாம்னா சொல்லிடு. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மருமகள் அங்கி நுனியைக் கையில் பிடித்தபடி நின்றாள். போதகரும் அவசரப்படுத்தவில்லை. தையலம்மாவுக்கு அந்தக் கொஞ்ச நேரம் நகர மாட்டேன் என்றது. பிறகு மருமகள் கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை முதல்ல அனுப்பினதும் நிஜம், இப்ப சொன்னதும் நிஜம்" என்றாள். "நான் குடிச்சேன். வேனைச் சுவத்துல மோதினேன். அந்தச் சுவத்தோரமா அன்னைக்கு யாரும் நிக்காதது கிருபை. நான் இன்னைக்கு இங்க நிக்கிறதும் கிருபைதான். இனிமே இதை யாரும் காதோட காதா பேச வேண்டாம். சத்தமாவே பேசுங்க. ஆனா தூக்கி நிறுத்தினவர் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

போதகரைப் பார்த்தாள். "பாஸ்டர், எனக்குச் சாட்சி எங்க அத்தை. அவங்க என்கூடப் படியில இறங்கட்டும்."

சாட்சி படியில் இறங்குவது வழக்கமில்லைதான். ஆனால் வழக்கத்தைப் பற்றிப் பேசுகிற நிலைமையில் அங்கே ஒருத்தரும் இல்லை. தையலம்மா செருப்பை உதறினாள். தானே தைத்துப் போட்டுக்கொண்டு வந்த புது உடுப்போடு, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. போதகர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி மருமகளைத் தண்ணீருக்குள் சாய்த்தார்.

அவள் எழுந்தாள். முகமெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

பாட்டு எங்கிருந்து கிளம்பியது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசை. தொண்டை கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டிய பாட்டு டீச்சர், கன்னத்தில் கண்ணீர் வழிய, உச்ச ஸ்தாயியில் எடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மொத்த மண்டபமும் எழுந்து நின்று பாடியது. தாளம் பிசகியது, ஆளுக்கு ஒரு சுருதி. அந்தச் சபையில் அப்படி ஒரு பாட்டு அதுவரை கேட்டதில்லை. மெக்கானிக் மைக் செட்டை அணைத்துவிட்டு, தானும் எழுந்து நின்று வாயைத் திறந்தார். தண்ணீரில் நின்றபடியே தையலம்மா அதைப் பார்த்தாள். அவர் பாடி அவள் கேட்டது கல்யாணமான புதிதில்தான்.

உடை மாற்றும் அறையில் தையலம்மா துண்டால் மருமகளின் தலையைத் துவட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. கொஞ்சம் ஓய்ந்த பிறகு மருமகள் பேசினாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா அத்தை? மன்னிச்சுட்டேன். தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே மன்னிச்சுட்டேன். ஆனா இன்னொரு விஷயத்தை உங்களை நம்பிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"நியாயம்தான்" என்றாள் தையலம்மா. வலித்தது. வலித்தாலும் நியாயம்தான்.

அப்போது பெஞ்சின் மேல் இருந்த மருமகளின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமியாரை ஒரு தரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, போனை எடுத்து அவளிடமே நீட்டினாள்.

ஸ்கூல் மேனேஜர் அனுப்பியிருந்தார். சில பெற்றோர்கள் போன் செய்து குடியைப் பற்றிக் கேட்கிறார்கள். நாளைக் காலை பஸ்ஸுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். நீங்கள் நேராக ஆபீசுக்கு வந்து பெற்றோர்களைச் சந்தியுங்கள்.

தையலம்மா படித்து முடித்ததும் கதவு தட்டப்பட்டது. செயலாளர் அம்மா தலையை நீட்டினாள்.

"அருமையான சாட்சி. என் நெஞ்சே உருகிப் போச்சு" என்றவள், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, முகம் ரெண்டும் ஒரு மாதிரி இருக்கு? ஏதாவது ஜெபக் குறிப்பா?"

தையலம்மாவின் நாக்கு தானாகப் புரண்டது. 'சகோதரி, ஒரு பாரம்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். போனை மருமகளின் கையில் திருப்பி வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மூடினாள்.

"ஜெபிங்க. எதுக்குன்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பதமாகக் கதவைச் சாத்தினாள்.

திரும்பியபோது மருமகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்கூட ஸ்கூலுக்கு வர்றீங்களா அத்தை?"

"வர்றேன். ஒரு ஓரமா உக்காந்திருக்கேன். வாயே திறக்க மாட்டேன்."

"அங்க திறக்கணும் அத்தை" என்றாள் மருமகள். "இன்னைக்குப் பேசின மாதிரி."